சாமித் தண்டுக்கு ஒரு தோள்

சின்னனைப் பிடித்துக்கொண்டு போனபோது அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தனக்கில்லை கண்ணுகளா, சாமித் தண்டுக்கு.

ஏற்காட்டு மலையில் கரடியூருக்கு அந்தப் பக்கம், தார் ரோடு தீர்ந்து மண்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் பலாமேடு என்று ஒரு சின்ன ஊர். காப்பி, மிளகு, கொஞ்சம் சாமை, இதை வைத்துப் பிழைக்கிற ஜனங்கள். சேர்வராயன் கோயில் திருவிழா வந்தால் தங்கள் ஊர்ச் சாமியைச் சப்பரத்தில் ஏற்றித் தோளில் சுமந்து உச்சிக்கோயில் வரைக்கும் நடந்தே போவார்கள். சப்பரத்துக்கு அடியில் ஓடுகிற நீளமான மரத்தைத்தான் தண்டு என்பது. முன்தண்டு பிடிக்கிறவன் தோளில்தான் பாதிச் சாமி உட்காரும். இத்தனை வருஷமும் அது சின்னனுடைய அப்பாவின் தோள். இந்த வருஷம் அவருக்கு முட்டி விட்டுப்போச்சு. ஊர்க்கவுண்டர் எல்லோரையும் கூட்டிவைத்து, "முன்தண்டு இனிமே சின்னனுக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி சின்னன் சோறு சாப்பிடவில்லை, சந்தோஷத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்று அவன் பெண்டாட்டி சின்னத்தாயி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தண்டுக்கு ஒரு கட்டு இருந்தது. விலங்கு மாட்டின கை அதில் படக்கூடாது. சாமி தூக்குவதற்கு முன்னால் ஊர்க்கவுண்டர் ஒவ்வொருத்தன் முன்னாலும் நின்று கேட்பார்: "கையில இரும்பு ஏறலையே?" ஏறலை என்று சொல்லிவிட்டுத்தான் தோள் கொடுக்கவேண்டும். எந்தக் காலத்தில் எதற்காக வந்த கட்டு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கேட்காமல் சாமி கிளம்பினதும் கிடையாது.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போர்டு இல்லாத வேன் ஒன்று வந்து நின்றது. சாதாரணச் சட்டை போட்ட ஆட்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பெரியவன் தினேஷ், சின்ன வயசு எஸ்.பி. கையில் ஒரு நம்பரை வைத்துக்கொண்டு கேட்டான்.

"இந்த நம்பர் உன்னோடதா?"

"ஆமாங்க, எம்பட நம்பர்தான்."

"வேற யாராவது இதுல பேசுவாங்களா?"

இங்கேதான் சின்னன் வாய் தடுக்கி விழுந்தது. சிம் வாங்கினபோது ஏற்காட்டுக் கடைக்காரன் அவனை மிரட்டி அனுப்பியிருந்தான்: "உன் பேர்ல இருக்கிற சிம்மை அடுத்தவனுக்குக் குடுத்தா போலீஸ் வரும், பாத்துக்க." இப்போது வந்திருப்பது அதற்குத்தான் என்று அவன் நினைத்தான். ஊரே அல்லவா அந்தப் போனில் பேசுகிறது! ஒருத்தர் பேரைச் சொன்னால் எல்லோரையும் வேனில் ஏற்றிவிடுவார்கள். போகிறது, நாம் ஒருத்தனே போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருவோம் என்று தோன்றியிருக்கிறது அந்த மகராசனுக்கு.

"இல்லீங்க. நான் மட்டுந்தான் பேசறது. வேற ஒருத்தரும் தொடமாட்டாங்க."

அவ்வளவுதான் சாமி. கையில் எண்ணெயோடு வேனில் ஏறினான்.

*

வெளியூரில் பெரிய குண்டு ஒன்று வைத்துவிட்டு ஒரு கும்பல் ஓடியிருந்தது. என்ன பேர், என்ன கொடி என்பதெல்லாம் நமக்கு வேண்டாம், சொன்னால் அவர்களுக்குப் பெருமை. அந்தக் கும்பலின் நம்பர் ஒன்றைப் போலீஸ் கண்காணித்துக்கொண்டே இருந்தது. அதிலிருந்து அடிக்கடி சின்னன் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அடுத்த குண்டு வைக்கப்போகிற ஆள் இந்த மலையில்தான் பதுங்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். போன் யாருடையதோ அவன்தான் ஆள். கணக்கு நேராகத்தானே இருக்கிறது?

குண்டு வைக்கிறவர்களைத் தேடிப் பிடிக்கிற படைக்கு மாநிலத்துக்கே தலைமை சிவசக்தி என்கிற அம்மா. சர்வீஸ் முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான். சென்னையிலிருந்து காரிலேயே வந்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, ஏற்காட்டு விருந்தினர் மாளிகையில் இறங்கினபோது அவருக்கு முட்டியும் வலித்தது, தலையும் வலித்தது. கைப்பையில் துப்பாக்கியைவிட மாத்திரைதான் அதிகம் என்று அவருடைய டிரைவர் ஜாபெஸ் சொல்வான்.

அந்த அம்மாவின் உத்தியோகத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் ஜெயித்தார் என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் பஸ் வரும், ஜனங்கள் முண்டியடித்து ஏறும், பூக்காரி முழம் போட்டு விற்பாள், சாயங்காலம் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. நடக்காமல் போனதுக்கு யார் மாலை போடுவார்கள்? தோற்றால் மட்டும் நாட்டுக்கே தெரியும். அப்படி ஒரு தடவை தோற்றுமிருந்தார். அதற்கப்புறம் போன் மணிச் சத்தமே அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் நாளெல்லாம் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

சின்னனை ஒரு அறையில் உட்காரவைத்திருந்தார்கள். கேட்டுக் கேட்டுத் தினேஷுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"மேடம், ஒரே பாட்டுதான் பாடறான். போன் என்னோடது, நான்தான் பேசினேன், யார்கிட்டன்னு ஞாபகம் இல்ல. நல்லா டிரெய்னிங் குடுத்திருக்காங்க."

சிவசக்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சின்னனுக்கு டீ வரவழைத்தார். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"ஏனுங்கம்மா, அந்தப் போனை மட்டும் ஊருக்கு அனுப்பி உட்ருவீங்களா? நான் எத்தன நாள் வேணாலும் இருக்கறனுங்க. கவிப்பிரியாவுக்கு மாப்பள ஊட்டுல இருந்து கூப்புடறேன்னாங்க."

"கவிப்பிரியா உன் மகளா?"

"இல்லீங்க. நாலு ஊடு தள்ளி."

"நாலு வீடு தள்ளி இருக்கிற பொண்ணுக்கு உன் போன்ல ஏம்ப்பா வருது?"

சின்னன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிவசக்தி தினேஷைத் திரும்பிப் பார்த்தார். அவன் பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"விலங்கு கிலங்கு போட்டீங்களா?" என்று வெளியே வந்ததும் கேட்டார்.

"இல்ல மேடம்."

"போடாதீங்க. அந்தப் போனை எடுத்துட்டு வாங்க."

*

பலாமேட்டில் சிக்னல் கிடைத்து செல்போனுக்கு உசுர் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான், மேட்டுமேல் நிற்கிற பெரிய பலாமரம். அதன் கிளையில் ஒரு மஞ்சப்பை தொங்கும். காலையில் சின்னன் போனைக் கொண்டுவந்து அதில் போடுவான், இருட்டினதும் எடுத்துக்கொண்டு போய்ச் சார்ஜ் போடுவான். மணி அடித்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்து, யாருக்கு என்று கேட்டு, சரிவைப் பார்த்துக் கூவுவார்கள். இதுதான் ஊர் வழக்கம்.

சிவசக்தி நூல் புடவை கட்டிக்கொண்டு, யாரோ டீச்சர் மாதிரி, ஜாபெஸையும் தினேஷையும் மட்டும் கூட்டிக்கொண்டு மேடேறினார். காலி மஞ்சப்பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பிஞ்சும் காயுமாகப் பலா. போனைப் பையில் போட்டுவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தார். பனிமூட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சில்வர் ஓக் மரங்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன.

மணி அடித்தது.

காப்பிச் செடிக்குள்ளிருந்து முதலில் ஒரு தலை வந்தது. அப்புறம் மாட்டுக்கொட்டாய்ப் பக்கமிருந்து ஒன்று. அப்புறம் நாலாப் பக்கத்திலிருந்தும்.

"வந்துருச்சு! போனு வந்துருச்சு! ஆருக்குங்க?"

"எடுங்க அம்மிணி, நின்னு பாக்கறீங்களே! அடிச்சு ஓஞ்சுருமில்ல!"

ஓடிவந்த கிழவி சிவசக்தியைத் தள்ளாத குறையாக ஒதுக்கிவிட்டுப் பைக்குள் கை விட்டாள். பாவாயி என்று பேர். காது கேட்காதவர்களிடம் பேசுகிற மாதிரிதான் போனில் பேசுவாள்.

"அலோ! ஆரு? ரேசன் கடையா? பருப்பு வந்துருச்சா? ...யேய், பருப்பு வந்துருச்சாமா!" என்று சரிவைப் பார்த்து ஒரு கூவல். போனை மறுபடி பையில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். "ஆருங்க நீங்க? சின்னன் குடுத்து உட்டானா? எங்கீங்க அவன்? அவங்கப்பன் கஞ்சியத் தொடமாட்டேங்கறாரு."

தினேஷ் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மேடம், ஊரே இதுலதான் பேசுது."

"ஆமா தினேஷ்."

"அப்ப அந்தக் கால் யாருக்கு வந்தது?"

அதைக் கண்டுபிடிக்க நொம்ப நேரம் ஆகவில்லை. பேசுகிறவர்கள் பேசுவது எல்லாம் எல்லோர் காதிலும் விழுகிற ஊர் அது. ஒருத்தன் பேசினது மட்டும் விழவில்லை. மிளகு வாங்குகிற ஏவாரி என்று வந்து, பழைய எஸ்டேட்டில் கூலியாட்கள் இருந்து காலியான லைன்வீட்டில் தங்கியிருந்தவன். அவனுக்குப் போன் வந்தால் பையை எடுத்துக்கொண்டு, பாறைக்கு அந்தப் பக்கம் போய் நின்று குசுகுசு என்று பேசுவானாம்.

"நாங்க சிரிப்பமுங்க, ஏதோ பொம்பள சமாச்சாரம்னு" என்றாள் பாவாயி. "நல்ல பையன். போறப்ப ஒரு மொளகு மூட்டய எம்பட ஊட்டு அட்டத்துப் பரண்ல போட்டுட்டுப் போனான். சேர்வராயன் நோம்பிக் கூட்டத்துல வந்து எடுத்துக்கறேன், அதுக்கு முன்னால போன் பண்றேன்னான். எதுக்குங்க சாமி மொகம் இப்பிடி வெளுத்துப்போச்சு? கிறுகிறுப்பா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் சிவசக்தி. "அந்த மூட்டைக்குக் கீழதான் படுத்துத் தூங்கறீங்களா?"

"பின்ன? மழைக்கு வேற எங்க படுக்கறது?"

அன்றைக்கு மத்தியானமே ரெண்டு பேர் கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரர்கள் மாதிரி வந்தார்கள். பாவாயியைக் கடைக்கு அனுப்பிவிட்டு அட்டத்தில் ஏறினார்கள். மேலே ஒரு சாண் மிளகு. கீழே என்ன இருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதை எடுத்துப் போனார்கள். மூட்டை பழையபடி தெரியட்டும் என்று மண்ணைப் போட்டு மேலே அதே மிளகைப் பரப்பிவைத்தார்கள்.

*

இனிமேல்தான் சிக்கல்.

ஏவாரி யார், எங்கே இருக்கிறான், கூட எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. அவனைப் பிடிக்க ஒரே வழி, அவன் பயமில்லாமல் போன் பண்ணவேண்டும், மூட்டையைத் தேடி வரவேண்டும். ஆனால் பலாமேட்டில் வேன் வந்து ஒருத்தனைப் பிடித்துப்போனது ஏற்காடு டீக்கடை வரைக்கும் பேச்சாகிவிட்டது.

பலாமரத்தடியில் நின்றுகொண்டே தினேஷ் வழி சொன்னான். கெட்டிக்காரப் பிள்ளை, சொன்ன வழியும் கெட்டி வழிதான்.

"மேடம், சின்னன்தான் ஆள்னு இன்னிக்கே சேலத்துல பிரஸ்ஸைக் கூப்பிட்டு அறிவிச்சிடலாம். போட்டோ குடுக்கலாம். கேஸ் முடிஞ்சுதுன்னு சொல்லிடலாம். அவன் டி.வி.யில பாத்துட்டு, நம்மளை விட்டுட்டாங்கன்னு நிம்மதியா வருவான். பிடிச்சப்புறம் சின்னன் நிரபராதின்னு சொல்லிடலாம். கோட்டையிலிருந்தும் அதைத்தானே கேக்கறாங்க? ஒரு அரெஸ்ட் காட்டுங்கன்னு?"

கோட்டையிலிருந்து காலையிலிருந்தே போன் வந்துகொண்டிருந்தது உண்மைதான். சிவசக்திக்கும் தெரியும், அந்த வழி பலிக்கும். அறிவிக்காமல் விட்டு, ஏவாரி மிரண்டு ஓடி, வேறு எங்காவது வேறு ஒரு மூட்டையை வைத்துவிட்டால்? அந்தப் பூக்காரி, அந்தப் பஸ்?

ஒரு பக்கம் பேர் தெரியாத ஒரு கூட்டம் ஜனங்கள். இன்னொரு பக்கம் சின்னன் ஒருத்தன். எடை போட்டால் எது தாழும் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். முப்பது வருஷமாக இப்படியே எடை போட்டுப் போட்டுத்தான் அந்த அம்மாவுக்குக் கை அலுத்துப்போயிருந்தது.

"அவங்க வீட்டுல கேட்டுட்டுச் செய்வோம்" என்றார்.

"கேக்கறதா? மேடம், இது ஆபரேஷன்."

"ஆபரேஷன்னா கையெழுத்து வாங்காம பண்ணுவாங்களா தினேஷ்?"

சின்னத்தாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். சிவசக்தி யாரென்று ஒளிக்காமல் சொன்னார். விஷயத்தையும் சொன்னார். உங்க வீட்டுக்காரர் தப்பு செய்யவில்லை, எனக்குத் தெரியும், ஆனால் கொஞ்ச நாளைக்கு அவர்தான் செய்தார் என்று ஊருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது என்றார்.

சின்னத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஊர்னா எந்த ஊருங்க?"

"டி.வி.யில வரும்மா. எல்லா ஊரும்."

"குண்டு வெச்சவன்னு?"

"ஆமா. அப்புறம் இல்லேன்னு சொல்லிடுவோம்."

"இல்லேன்னு சொல்றதையும் அதே அளவுக்குச் சத்தமாச் சொல்லுவீங்களா?"

இல்லை என்பது எப்போதும் சின்ன எழுத்தில்தான் வரும். அது சிவசக்திக்குத் தெரியாதா?

"அவரு நோம்பிக்குச் சாமி தூக்கோணுமுங்க" என்றாள் சின்னத்தாயி. "மாமனாரு உசுரோட இருக்கையில பாக்கோணும்னு இருக்கறாரு. டி.வி.ல வெலங்கு போட்டு வேற காட்டுவாங்க. போட்டுட்டீங்களா?"

"இல்ல. நான் கேட்டேன். போடலை."

அவள் முறத்திலிருந்த சாமையில் விரலால் கோடு கிழித்தாள், அழித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகமே வேறாக இருந்தது.

"ஏனுங்கம்மா, பிடிச்சுட்டுப் போனது நெசம். எதுக்குன்னு மாத்திக்கலாமில்ல?"

"எப்படி?"

"பாரஸ்ட்காரங்க காட்டுப்பன்னிக்கறிக்குப் பிடிச்சுட்டுப் போனாங்கன்னு சொல்லிக்கலாம். அந்த வேன்ல வந்தவிய ஒருத்தரும் காக்கி போடலையே! எந்த ஆபீஸுன்னு ஆருக்குத் தெரியும்?"

தினேஷ் முகம் சுளித்தான். "அது மட்டும் அவமானம் இல்லையா?"

"பாரஸ்ட் கேசு ஒரு கேசுங்களா?" என்று சின்னத்தாயிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "எங்க மாமனாரு மேல ரெண்டு இருந்துச்சு. ஊர்க்கவுண்டரு மேலயே ஒண்ணு இருந்துச்சு. அவரு கவுச்சியே தொடமாட்டாரு, பாவம். கொழம்பு வெச்சது அவங்க ஊட்டம்மா. அபராதம் கட்டச் சொல்லி உட்டுருவாங்க. அதுக்கெல்லாம் ஆரு கையிலயும் இரும்பு ஏறாது."

சிவசக்தி எத்தனையோ நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார் என்று ஜாபெஸ் சொல்கிறான். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலிக்காமல் போனால் அவர் தலைதான் உருளும். குண்டு வைப்பவர்களைப் பிடிக்கிற ரகசியத்தை ஒரு ஊரின் வாயில் ஒப்படைப்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. இருந்தாலும் பலாமரத்தடிக்குத் திரும்பிப் போய்க் கோட்டைக்குப் போன் போட்டு, "அறிவிக்க ஒண்ணும் இல்ல சார், நாலு நாள் பொறுங்க" என்றார். அந்தப் பக்கம் கத்தினார்கள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

*

சாயங்காலமே பாரஸ்ட் ஜீப் ஒன்று இரவல் வாங்கி ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றவைத்தார்கள். டீக்கடையில் பேச்சு மாறிவிட்டது. பன்றியின் எடை மட்டும் கடைக்குக் கடை ஏறிக்கொண்டே போனது.

சின்னன் ஏற்காட்டிலேயே இருந்தான். அவனிடமும் எல்லாம் சொல்லப்பட்டது. "செரிங்கம்மா. நோம்பிக்கு மட்டும் உட்ருங்க" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சிவசக்தி தினமும் காலையில் பலாமரத்தடிக்கு வந்து பாறைமேல் உட்கார்ந்துகொள்வார். பத்திரிகையில் எழுதுகிற அம்மா என்று வெளியாட்களுக்குச் சொல்லிவைத்தார்கள்; ஊராருக்கு உண்மை தெரியும். மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவார். எடுத்தால் ஆஸ்பத்திரி நர்ஸ், இல்லாவிட்டால் உரக்கடை. ஊரில் ஆள் இல்லாத நேரத்தில் அவரே எடுக்கவேண்டி வந்தது. முதலில் கூவக் கூச்சப்பட்டார். அப்புறம் பழகிவிட்டது.

"கவிப்பிரியா! உனக்கு!"

"ஆருங்க?"

"மாப்பிள்ளை வீடு!"

"இப்ப வேல இருக்குதுன்னு சொல்லுங்க!"

"நீயே வந்து சொல்லு!"

மாநிலத்துக்கே தலைமை அதிகாரி கண்ணுகளா. அப்படிக் கூவிவிட்டு வந்து, சின்னத்தாயி கொடுத்த கம்மங்கூழைக் குடிப்பார்.

மூன்றாம் நாளா நாலாம் நாளா, மழை ஓய்ந்து செடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்த நேரம். பாவாயிதான் போனை எடுத்தாள். எடுத்ததும் சிவசக்தியைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அவன்தான். பொய் சொல்ல வேண்டாம், கேட்டதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். பாவாயியாவது, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வதாவது!

"ஆரு, ஏவாரித் தம்பியா? நல்லா இருக்கறியா சாமி? ...போலீஸா? இங்க எங்க போலீஸு! பாரஸ்ட்டு. சின்னனைத்தான் பிடிச்சுட்டாங்க, பன்னிக்கறி. பன்னின்னா பன்னி, கன்னுக்குட்டி தண்டி இருந்துச்சு. எனக்கு ஒரு துண்டு குடுத்தானா? குடுக்கல. சாமிக்கே பொறுக்கல, பிடிச்சுட்டுப் போயிட்டாங்க..."

போனுக்குள் அவன் சிரிக்கிற சத்தம் பாறை வரைக்கும் கேட்டது. மூட்டை பத்திரமா என்று கேட்டான். "எலி ஒண்ணுதான் ஓடுது" என்றாள் பாவாயி. நாளைக்கே வருகிறேன் என்றான்.

போனை வைத்ததும் கிழவி பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். சிவசக்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளக்கடை ஊருக்குப் பக்கத்து வளைவில், பனிமூட்டத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிளை மறித்தார்கள். ஒரு வெடி இல்லை, ஒரு சத்தம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவனும் சேர்த்து மாட்டினான். மற்றவர்களை அவன் வாயாலேயே அடுத்தடுத்துப் பிடித்தார்கள். திருவிழாக் கூட்டம் எதுவும் தெரியாமல் பலூனும் பொரியும் வாங்கப் பஸ் ஏறிக்கொண்டிருந்தது.

சிவசக்தி ஜெயித்துவிட்டார். விருந்தினர் மாளிகைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார்.

*

திருவிழா அன்று காலை சின்னனைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு பலாமேட்டுக்குப் புறப்பட்டார். அவன் குளித்து, ஜாபெஸ் வாங்கிக்கொடுத்த புது வேட்டி கட்டியிருந்தான். ஆனால் முகத்தில் களை இல்லை. கைகளை மடியில் கவிழ்த்துவைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"என்னப்பா, சந்தோஷமா இல்லையா?"

"கவுண்டரு கேப்பாருங்கம்மா."

"கேக்கட்டும். இல்லேன்னு சொல்லு. உனக்குத்தான் போடவே இல்லையே."

அவன் கரடியூர் தாண்டினதும் சொன்னான்.

"போட்டாங்கம்மா. மொத நாளு. வேன்ல இருந்து எறக்கறப்ப, மேடு வழுக்குது, ஓடிருவான்னு ஒருத்தரு போட்டாரு. ரூமுக்குள்ள போனதும் கழட்டிட்டாரு. அந்த எஸ்.பி. அய்யா அப்ப போன் பேசிட்டு இருந்தாருங்க. அவரு பாக்கல."

கார் கொஞ்ச தூரம் ஓடியது. கோட்டையைச் சமாளித்தாயிற்று, கும்பலைச் சமாளித்தாயிற்று. கவுண்டரின் இந்த ஒத்தைக் கேள்வி இப்படி மறிக்கும் என்று யார் கண்டது?

"வேற யாரும் பாக்கலையே சின்னா" என்றார் மெதுவாக. சொல்லும்போதே அவருக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

"ஆருமில்லீங்க. பனி மூடிட்டு இருந்துச்சு." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒருக்காப் பொய் சொல்லித்தானுங்களே இத்தனையும்?"

பலாமரத்தடியில் சப்பரம் தயாராக இருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சின்னனைப் பார்த்ததும் பிள்ளைகள் "பன்னிக்கறி, பன்னிக்கறி" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தன. அவன் அப்பாவைக் கட்டிலோடு தூக்கிவந்து போட்டிருந்தார்கள். சின்னத்தாயி தலை நிறையப் பூ வைத்திருந்தாள். சிவசக்தியைப் பார்த்து, உங்கள் புண்ணியம் என்பது போலக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மேளம் நின்றது. ஊர்க்கவுண்டர் ஒவ்வொருத்தன் முன்னாலும் நின்று கேட்டுக்கொண்டே வந்தார். சின்னன் முன்னால் வந்து நின்றார்.

"கையில இரும்பு ஏறலையே?"

சின்னன் வாயைத் திறந்தான். அப்பாவின் முகம் எதிரே இருந்தது. மூடிக்கொண்டான். மறுபடி திறந்தான். கட்டிலில் இருந்த கிழவர் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஏறுச்சுங்க" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். சிவசக்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் போலீஸ்னு உங்களுக்குத் தெரியும். பாரஸ்ட் இல்ல, எங்க ஆளுங்கதான் கூட்டிட்டுப் போனாங்க. எங்க ஆளுதான் விலங்கு போட்டது. போடலைன்னு நான் இவங்க வீட்டுல சொன்னேன். எனக்கு அப்பத் தெரியாது. இவர் ஒரு தப்பும் பண்ணலைங்க. இவராலயும் உங்களாலயும் எத்தனையோ பேர் இன்னிக்கு உசுரோட இருக்காங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

ஊர்க்கவுண்டர் அவர் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். கோபமெல்லாம் இல்லை அவர் முகத்தில்.

"தப்பைக் கேக்கலீங்கம்மா" என்றார். "இரும்பைத்தான் கேட்டேன்."

சின்னன் தண்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தான். தோளில் மடித்துப்போட்டிருந்த துண்டை எடுத்தான். அவனுடைய சித்தப்பன் மகன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். சின்னன் அந்தத் துண்டை அவன் தோளில் போட்டு, தண்டு உறுத்தாத மாதிரி நேராக இழுத்துவிட்டான். அப்பாவின் பக்கம் போய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்தான். கிழவர் மகன் தலையில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

சின்னத்தாயி மட்டும் சிவசக்தியிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"மேல வரைக்கும் நடக்கோணுமுங்க" என்றாள். "முட்டி வலிக்கும்னா ஜீப்புல வாங்க."

"நடக்கிறேம்மா."

சாமி எழும்பியது. மேளம் மறுபடி ஆரம்பித்தது. சப்பரம் பனிக்குள் போகப் போக ஜனங்கள் பின்னாலேயே போனார்கள். கடைசியில் சிவசக்தி, ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜாபெஸின் தோளைப் பற்றிக்கொண்டு. பாதி மேடு ஏறி, மறுபடி சிக்னல் கிடைக்கிற திருப்பத்துக்கு வந்திருப்பார். மணி அடித்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த பாவாயி, பழக்கதோஷத்தில், நின்று திரும்பி, இருக்கிற தொண்டையையெல்லாம் போட்டுக் கூவினாள்.

"ஆருக்குங்க?"

சிவசக்தி கைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். வேறு ஒரு ஊர், வேறு ஒரு நம்பர்.

"எனக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு, வழியோரத்துக் கல்லில் உட்கார்ந்து, காதில் வைத்துக்கொண்டார்.